டெஸ்கோவுக்குப் போகாத மத்தியானங்கள்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

வாட்ஸ்அப்பில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பாப்பா அழுவாள், நீ "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு நல்ல வெயில், நீ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சோபாவில். லீவு முடிய இன்னும் ஐந்து வாரம்தான் என்று நீயே சொல்கிறாய். பாப்பாவுக்கு ஒரு வயது ஆகப்போகிறது, கழுத்து நின்று, முதுகு நின்று, ஜம்மென்று உட்காருகிறாள். சைக்கிளில் மாட்ட மாப்பிள்ளை வாங்கிவைத்த குழந்தை சீட் மட்டும் இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லையாம்.

ரோட்டைக் கண்டால் பயம், சரி. அந்தக் கார்க்காரன் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்து நீ சைக்கிளோடு விழுந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ரோட்டில் ஓட்டு என்று நான் சொல்லவில்லை. ஐந்து மாதம் அங்கே கேம்பிரிட்ஜில் இருந்தேனே, நீயும் பாப்பாவும் மத்தியானம் தூங்கும்போது நான் எங்கே போனேன் என்று நினைத்தாய்? டெஸ்கோ கடைக்கு என்று சொல்லிவிட்டு சைக்கிளில் போவேன். டெஸ்கோவுக்குப் போனது பாதி நாள்தான்.

உங்கள் செஸ்டர்டன் வீட்டிலிருந்து கேம் ஆற்றங்கரைக்கு இறங்கினால், கரையோடு ஒரு பாதை வடக்கே போகிறது. கார் நுழைய வழியே கிடையாது. எதிர்க்கரையில் ஃபென் டிட்டன், கொஞ்ச தூரத்தில் தலைக்கு மேலே ஏ14 பெரிய ரோட்டுப் பாலம். மேலே லாரிகள் தடதடவென்று போகும், கீழே நீ தண்ணீர் ஓரமாக வாத்துக்கு வழிவிட்டு நிற்பாய். அந்தப் பாலத்தைத் தாண்டி, நீர்மட்டத்தை மாற்றிப் படகுகளை ஏற்றி இறக்கும் பெயிட்ஸ் பைட் லாக் வரை போய்த் திரும்பு, முதல் நாளைக்கு அது போதும். ஒரு வழிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: துடுப்புப் படகு பழக்குகிறவர்கள் படகைப் பார்த்துக் கத்திக்கொண்டே சைக்கிளில் வருவார்கள், முன்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே மாட்டார்கள். நான் ஒருத்தனைப் பார்த்து "ஓரம், ஓரம்!" என்று நம்ம ஊர்ப் பழக்கத்தில் கத்திவிட்டேன். என்ன புரிந்ததோ, சாரி சொல்லி ஒதுங்கினான்.

அது பழகியபின் பஸ்வே பாதை, பஸ்ஸுக்கென்றே போட்ட தடத்தின் ஓரமாகப் போகும் சைக்கிள் பாதை. கேம்பிரிட்ஜ் நார்த் ஸ்டேஷன் பக்கம் ஆரம்பிக்கிறது. மில்டன் ரோட்டை சிக்னலில் தாண்டியபிறகு ஹிஸ்டன், ஓக்கிங்டன், லாங்ஸ்டன்டன், ஸ்வேவ்சி என்று செயின்ட் ஐவ்ஸ் வரை ஒரே நேர்ப்பாதை. இது முன்னே ரயில் ஓடிய தடம். 1970இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள், 2011இல் அதன் மேலேயே கான்கிரீட் தடம் போட்டு பஸ் விட்டார்கள். ரயிலுக்குப் போட்ட தடம் என்பதால்தான் மேடு பள்ளமே இல்லை. என் முட்டிக்கு அதுவே பெரிய உபகாரம். ஆனால் பஸ் சத்தமில்லாமல் வேகமாக வரும், அதனால் தண்ணீர் குடிக்க நின்றாலும் பாப்பாவைச் சீட்டை விட்டு இறக்காதே.

ஃபென் டிரேட்டன் ஏரிகள் வரை ஒரு நாள் கட்டாயம் போகவேண்டும். சரளைக்கல் தோண்டிய குழிகளில் தண்ணீர் நின்று ஏரியானதாம், இப்போது பறவைகளுக்கான இடம். மே, ஜூனில் போனால் கொண்டை வைத்த முக்குளிப்பான் பறவை தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். நான் பார்த்ததில் இரண்டு குஞ்சுகள், வரிவரியாகத் தலை, அம்மாவின் இறக்கைக்குள்ளிருந்து எட்டி எட்டிப் பார்த்தன. அம்மா முங்கினதும் இரண்டும் மிதந்துகொண்டு ஒரே கூப்பாடு. அரைமணி நேரம் நின்றிருப்பேன். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போகாதே, கிரேட் ஊஸ் ஆறு பெருகினால் பாதையே தண்ணீருக்குள் போய்விடும் என்று மாப்பிள்ளை சொன்னார்.

விக்கன் ஃபென் சதுப்புநிலத்துக்கு மட்டும் மாப்பிள்ளை இல்லாமல் போகவேண்டாம். தூரம், அதோடு மாடு குதிரை மேயும் இடத்தில் வேலிக்கதவைத் திறந்து மூடவேண்டும், குழந்தையோடு ஒற்றை ஆளாக முடியாது. சைக்கிளைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு அங்கேயே போய் இறங்கிவிடுங்கள். நான் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போனேன், இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அங்கே வெட்டுவாய்க்காலை லோடு என்கிறார்கள். ரீச் லோடு, பர்வெல் லோடு. என்ன லோடு, மணல் லோடா ஜல்லி லோடா என்று நான் கேட்க, மாப்பிள்ளை சிரித்துச் சிரித்து சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார். ரீச் லோடு ரோமானியர் காலத்தில் வெட்டியதாக இருக்கலாம் என்கிறார்கள். அதன் பாலத்தின் மேல் ஏறி நின்றபோதுதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன்: வாய்க்கால் மேலே இருக்கிறது, வயல் கீழே இருக்கிறது!

மண் கன்னங்கரேலென்று இருந்ததால் கரிசல் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்தால் கனமே இல்லை, மக்கின எருவை அள்ளின மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஆயிரக்கணக்கான வருஷமாக நாணலும் புல்லும் தண்ணீருக்கடியில் மக்காமல் படிந்து உண்டான மண்ணாம். 17ஆம் நூற்றாண்டில் வெர்மூய்டன் என்ற டச்சுக்காரரைக் கூட்டிவந்து சதுப்பை வடியவைத்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் மண் காய்ந்து சுருங்கி, காற்றுப் பட்டு மக்கி, புழுதியாகப் பறந்து, நிலம் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. வாய்க்கால் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. அதனால் வயல் தண்ணீரை மேலே இறைத்து வாய்க்காலில் விடவேண்டும். முதலில் காற்றாலை, பிறகு நீராவி, பிறகு டீசல், இப்போது கரண்ட். நம்ம கண்மாயில் ஒரு அடி தண்ணீர் நிற்காதா என்று ஐப்பசி பூராவும் வானத்தைப் பார்க்கிற புதுக்கோட்டைக்காரி எனக்கு, தண்ணீரை வெளியே தள்ளக் காசு செலவழிக்கிற ஊரைப் பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. விக்கனில் மட்டும் வடியவிடாமல் ஒரு துண்டு நிலத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1899இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு வாங்கியது முதலில் வெறும் இரண்டு ஏக்கர்தானாம்.

காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. கிளம்பும்போது எதிர்காற்றில் போ, திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். இதை நான் மாற்றிச் செய்து ஒரு நாள் ஓக்கிங்டனிலிருந்து பாதி தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன், உன்னிடம் பில் போட வரிசை நீளம் என்று சொன்னேன். பாதை ஓரத்தில் கீரை மாதிரி தழைத்திருப்பதைத் தொடாதே, நம்ம காஞ்சொறிக்கு அக்கா அது. ராத்திரி வரைக்கும் விரல் எரிந்தது. ஆகஸ்டில் பிளாக்பெர்ரி வேலி வேலியாகப் பழுத்துக் கிடக்கும், சும்மா பறித்துத் தின்னலாம். களாப்பழம் பறிக்கிற மாதிரிதான், முள்ளும் அப்படியே.

எனக்குப் பயமில்லையா என்று நீ கேட்பாய். 1992இல் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்புக்குப் போகும்போதுதான் உன் மாமாவின் சைக்கிளில் நான் பழகினேன். பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், மாவட்டம் பூராவும் பொம்பளைகள் சைக்கிள் பழகினார்கள், கல் உடைக்கப் போகிறவர்கள்கூட. அன்னவாசல் ரோட்டில் நான் விழாத இடம் கிடையாது. பையன்கள் கேலி பண்ணுவார்கள், கிழவிகள் திட்டுவார்கள், பின்னாலேயே பஸ் ஹாரன் அடிக்கும். அந்த ரோட்டில் பழகினவளுக்கு, பஸ்ஸுக்கே தனித் தடம் போட்டுக்கொடுத்து சைக்கிளுக்கு வேறு பாதை விட்டிருக்கிற ஊரில் என்ன பயம். உனக்கு அப்படித் தோன்றாது, விழுந்தது நீ. அதனால்தான் லாக் வரை மட்டும் முதலில் போ என்கிறேன். பாப்பா இல்லாமல் தனியாக ஒரு தடவை போய்வந்துவிட்டுக்கூடக் கூட்டிப்போ. மாப்பிள்ளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

அப்பா, தலைக்கவசம் கட்டாயம் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

என் சைக்கிளையே எடுத்துக்கொள், பழையதுதான் என்றாலும் உன்னுடையதை விட கனமாக நின்று ஓடும், கேரியரும் உறுதி, குழந்தை சீட் அதில் மாட்டும் என்று மாப்பிள்ளை பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஷெட்டில் புல்வெட்டும் மெஷினுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன். பின் டயரில் காற்று இறங்கியிருக்கும். பூட்டுச் சாவி பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றிக்கொள், நீ என்னை விட உயரம்.

அம்மா