கனவு தின்னிக்கு எந்தக் கால்?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். அது பின்னிரவு மூன்று மணிக்கு வந்திருப்பதை உன் அம்மாதான் கவனித்தாள். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கு.

வீடியோ விளையாட்டுக்காக நீ உருவாக்கியிருக்கும் கனவு தின்னி பிரமாதம். முன்பாதி கறுப்பு, முதுகில் வெள்ளைப் போர்வை, வளையும் மூக்கு. மலேயா டேப்பிர் என்னும் நிஜ விலங்குதான் என்று கண்டுபிடிக்க விலங்கியல் வாத்தியாருக்கு ஒரு நொடி போதும். குட்டிக்கு நீ தீட்டிய வரிகளும் புள்ளிகளும் மிகச் சரி. சில மாதங்களில் அவை மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறாய். யார் சொல்லிக்கொடுத்தது என்று உன் அலுவலகத்தில் யாராவது கேட்டார்களா? கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாய்.

கால்தான் எனக்கு உறுத்துகிறது. உடம்பை டேப்பிரிடம் வாங்கிவிட்டுப் பாதத்தைப் புலியிடம் வாங்கியிருக்கிறாய். டேப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று, எல்லாம் குளம்பு. மூக்கைப் பார்த்து யானைக்கு உறவு என்பார்கள். உண்மையில் அது குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும்தான் உறவு. ஆனால் நீ இந்த விலங்கைப் பற்றிய பழைய சீனக் கதையின் வழியில் போயிருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அங்கே அதற்கு யானைத் துதிக்கை, காண்டாமிருகக் கண், மாட்டு வால், புலிக்கால். அப்படியானால் வாலையும் மாட்டு வாலாக்கு. டேப்பிரின் வால் வெறும் குட்டை.

சீனக் கவிஞர் பை ஜூயி தலைவலிக்காரர். தூங்கும்போது தலைமாட்டில் ஒரு சிறிய தடுப்புத் திரை வைத்துக்கொள்வாராம். ஓர் ஓவியர் அகப்பட்டதும் அந்தத் திரையில் இந்த விலங்கை வரையச் சொன்னார். அதன் தோலில் படுத்தால் கொள்ளைநோய் அண்டாது, உருவத்தை வரைந்து வைத்தால் தீயவை நெருங்காது என்பது அக்கால நம்பிக்கை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தூக்கம் இவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது, பார். கெட்ட கனவைத் தின்னும் வேலையை அதன் தலையில் கட்டியது பிற்கால ஜப்பான். பக்கு என்று பெயர். புத்தாண்டு வேளையில் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளும் புதையல் கப்பல் படத்தின் பாய்மரத் துணியில்கூட அந்தப் பெயரை எழுதுவார்கள்.

இவ்வளவு தேடியதற்குக் காரணம் உன் பழைய நோட்டு அட்டைகள். அவற்றில் நீ ஓயாமல் வரைந்த ட்ரௌசி என்ற கற்பனை விலங்கும் இதே பரம்பரைதான்: 1996-ல் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டில் 96ஆம் எண், மேலே மஞ்சள், கீழே பழுப்பு. அப்போது உன்னைத் திட்டியவர்கள் இப்போது உன் வேலையைப் பற்றி உறவினர்களிடம் பெருமையடிக்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன்.

அந்த விளையாட்டில் ட்ரௌசியைப் பற்றிய பழைய குறிப்பில் ஒரு வரி உண்டு: கெட்ட கனவைத் தின்றால் சில நேரம் அதற்கே உடம்புக்கு முடியாமல் போய்விடும். தின்றது எங்கே போகும் என்று பழைய கதை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விளையாட்டை உருவாக்கியவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். உன் விலங்கோ வாயைத் திறந்து விழுங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குக் கீழே அந்தக் கருவளையத்தை நீ வேண்டுமென்றுதான் வரைந்தாயா? அதற்கும் தூங்க ஓர் இடம் கொடு. விழுங்கியதைக் கக்க ஓர் இடம் கொடு. வேலை கெட்டுவிடாது. நீயும் நேரத்துக்குத் தூங்கு. சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். சித்தி விஷயத்தில் எல்லோரும் உன்னிடம்தான் வந்து அழுதார்கள். உனக்கு அப்போது பரீட்சை. இப்போது அண்ணன். அவன் தினமும் நள்ளிரவுக்கு மேல் உன்னை அழைப்பது எனக்குத் தெரியும். அண்ணி சொன்னாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கடனைப் பற்றி அவனிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை இரவில் அவன் அழைத்தால் எடுக்காதே. கேட்டால், அப்பா எடுக்கக் கூடாது என்றார் என்று சொல்.

அன்புடன்,
அப்பா