அது செரிமான மாத்திரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெஞ்செரிச்சலுக்குத் தரப்படும் அமிலக் குறைப்பு மாத்திரைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பி12 குறைவு, மெக்னீசியம் குறைவு, எலும்பு முறிவு அபாயம் என நீண்ட நாள் விளைவுகளைப் பயமுறுத்தாமல் நிதானமாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஒரு சொல்தான் உறுத்தியது. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகளை மூன்று இடங்களில் 'செரிமான மாத்திரை' என்கிறார். நான் மருந்தாளுநர், இந்தச் சொல் என் காதுக்குப் புதிதல்ல. மாத்திரை வாங்க வருகிறவர்கள் பலரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அச்சிலும் அதுவே வந்துவிட்டால், அடுத்த முறை நான் திருத்தும்போது உங்கள் இதழைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இந்த மாத்திரைகள் எதையும் செரிக்க வைப்பதில்லை. செரிமானத்தின் ஒரு பகுதியை அடக்கி வைக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கும்வரை அது நல்ல காரியமே. ஆனால் அடக்கியதற்கு ஒரு விலை உண்டு. கட்டுரை அதைத் தொடவே இல்லை.

இரைப்பை வெறும் அமிலத் தொட்டி அல்ல, அரவை இயந்திரமும் கூட. அதன் கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை இறுகி, உணவைக் கீழ்வாசலை நோக்கித் தள்ளுகிறது. அந்த வாசல் லேசாகத்தான் திறக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்டது குடலுக்குள் நழுவும்; பெரிய துண்டு மோதித் திரும்பி வந்து மறுபடி அரைபடும். அரைப்பது தசை என்றாலும், புரதத்தை இளக வைப்பது பெப்சின் என்னும் நொதி. அமிலம் இல்லாவிட்டால் பெப்சின் உருவாவதே மந்தம், பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; கூடினால் அமிலம் குறைவு) 4ஐத் தாண்டினால் அதன் வேலை பெரும்பாலும் நின்றுபோகும். மாத்திரையின் குறிக்கோளோ இரைப்பையின் பி.எச்.சை நாளின் பெரும்பகுதிக்கு 4க்கு மேல் நிறுத்துவது. அப்படியானால் இறைச்சியோ முட்டையோ இளக நேரமாகும், அரைபட நேரமாகும், வாசலைத் தாண்டவும் நேரமாகும்.

இது வெறும் ஊகமல்ல. அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான தொகுப்பாய்வு, இம்மருந்துகள் திட உணவு இரைப்பையை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன என்றே சொன்னது. திரவ உணவில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. திரவத்தை அரைக்க வேண்டியதில்லை அல்லவா! அமிலம் குறைந்தால் கேஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் கூடுவதும் தாமதத்துக்கு இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பலருக்கு இந்தத் தாமதம் உணரவே முடியாத அளவு சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிக்கல், உணர்கிறவர்கள் அதைப் புரிந்துகொள்ளும் விதத்தில்தான்.

என் மாமனாரையே சொல்கிறேன். காலையில் 40 மில்லிகிராம் பான்டோபிரசோல். ஒரு வாரத்தில் எரிச்சல் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து, நாலு வாய் சாப்பிட்டதுமே கையைக் கழுவ எழுந்துவிடுவார். இரவுச் சாப்பாடு நடுராத்திரி ஏப்பத்தில் திரும்பி வரும். 'மருந்து பத்தலை' என்று அவராகவே இரவிலும் ஒன்று போட ஆரம்பித்திருந்தார். அட்டை சீக்கிரம் காலியாவதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

"எரியுதா மாமா?"

"எரியலம்மா. கல்லை முழுங்கின மாதிரி இருக்கு."

எரிச்சல் வேறு, கல் வேறு. எரிச்சலுக்கான மருந்தை இரட்டிப்பாக்கிக் கல்லைக் கரைக்கப் பார்த்தார் மனிதர். மருத்துவர் இரவு மாத்திரையை நிறுத்தி, காலை மாத்திரையை 20 ஆகக் குறைத்து, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொன்னார். சில வாரங்களில் பாரம் குறைந்தது. முழுப் புகழும் அதற்கே என்று நான் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் இரவுச் சாப்பாட்டையும் இரண்டு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர, இரைப்பையில் உள்ளது மேலேறி வருவதைத் தடுக்காது. ஏறி வருவதில் புளிப்பு குறையும், அவ்வளவுதான். நிறைந்த வயிற்றோடு படுத்தால் எரியாமலே எதுக்களிக்கும். அதையும் 'அமிலம் இன்னும் அடங்கவில்லை' என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய.

அமிலக் குறைப்பு மருந்துகள் எல்லாம் ஒரே ரகம் என்ற தொனியும் கட்டுரையில் இருந்தது. பழைய ரானிடிடின், நிசாடிடின் இரண்டும் அமிலத்தைக் குறைப்பதோடு, இரைப்பைத் தசையை இயங்கத் தூண்டும் அசிடைல்கோலின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியையும் தடுப்பவை. அதனால் இரைப்பையின் அசைவைச் சற்றுத் தூண்டும். அதே குடும்பத்து ஃபமோடிடினுக்கு அந்தக் குணம் கிடையாது. (ரானிடிடினை 2020இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கியது என்.டி.எம்.ஏ. என்னும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு கலந்திருந்ததால், அது வேறு கதை.) வயிறு மந்தமானால் ஆன்டாசிட் (அமில முறிப்பு மருந்து) குடிக்கலாம் என்று போகிற போக்கில் எழுதியிருப்பதும் சரியல்ல. அலுமினியம் கலந்த ஆன்டாசிட்டே இரைப்பை காலியாவதை மெதுவாக்கக்கூடியது.

அசைவைக் கூட்ட டோம்பெரிடோனைச் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். அதையும் மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும் அபாயம் கருதி, ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் என்று சுருக்கிவிட்டது.

பாரம் நீடித்தால் அதை அளந்து பார்க்க வழி இருக்கிறது. துளி கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் படமெடுப்பார்கள். முடிவில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்று பொருள். அந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் தாங்கள் அமிலக் குறைப்பு மாத்திரை போடுவதைத் தவறாமல் சொல்ல வேண்டும். எடை குறைவு, தொடர் வாந்தி, கறுத்த மலம், விழுங்குவதில் தடை இவற்றில் ஏதாவது இருந்தால் மாத்திரைக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசிப் பெட்டிச் செய்தியில் 'தேவையில்லை எனில் இன்றே நிறுத்துங்கள்' என்று போட்டிருந்தீர்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு எட்டு வாரம் இதே வகை மாத்திரையான ஈசோமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த நான்கு வாரங்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை தலைகாட்டியது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் 15 சதவீதம். அடக்கி வைத்தது துள்ளி எழுகிறது. 'இன்றே' நிறுத்தியவர் நாலாம் நாள் எரிச்சலோடு திரும்பி வந்து, 'இது இல்லாம முடியலை' என்று ஒரு அட்டைக்கு இரண்டாக வாங்கிப் போவார். ரத்தக்கசிவுள்ள புண்ணுக்காகவோ, வலிநிவாரணிகளோடு பாதுகாப்புக்காகவோ போடுகிறவர் அப்படி நிறுத்தினால் ஆபத்து வேறு. மருத்துவரைக் கேட்டு, அளவைப் படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

அடுத்த இதழில் அந்த வரியையும், 'செரிமான மாத்திரை' வரும் மூன்று இடங்களையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகியான ஒரு மருந்தாளுநர்