மீன் குஞ்சு விடுமுன் ஊற்றுக்கண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீன் குஞ்சு விட்டால் சுற்றுலா வளரும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஓடையைத் துப்புரவு செய்வதாகச் சொல்லி மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறக்குவதும் நடக்கிறது. இரண்டுமே தலைகீழான வேலை. ஊற்றுநீர் ஓடை மீன் இல்லாததால் கெடுவதில்லை. அகன்று, ஆழங்குறைந்து, சேறு படிந்துதான் கெடுகிறது.

மழை ஓடையில் ஐப்பசி வெள்ளம் அடிமண்ணைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஊற்று ஓடையில் ஆண்டு முழுவதும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் நீர் வரும். மேட்டிலிருந்து இறங்கும் வண்டலை வாரிச் செல்லும் பலம் அதற்கு இல்லை. இரண்டு மீற்றர் ஓடையை நான்கு மீற்றராகத் தோண்டினால் அதே நீர் மெல்லப் பரவி ஓடும், வெயிலில் சூடேறும், தோண்டிய இடம் மறுபடி சேற்றால் நிரம்பும்.

ட்ரவுட்டுக்கு ஏற்றது 10 முதல் 16 பாகை செல்சியஸ். 25 பாகையை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அது சரளைக்குள் குழி பறித்து முட்டையிடும். நீர் 10 பாகையில் இருந்தால் வானவில் ட்ரவுட் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பொரித்த குஞ்சுகளும் சில வாரங்கள் சரளைக்குள்ளேயே கிடக்கும். அத்தனை நாளும் கல்லிடுக்கு வழியே நீர் ஓடினால்தான் அவற்றுக்கு மூச்சு. மெல்லிய சேறு இடுக்கை அடைத்தால் முட்டை அங்கேயே அழுகும். ஆகவே முதலில் சரளையைச் சோதியுங்கள். நீருக்குள் காலால் கிளறிப் பாருங்கள். பழுப்பாகக் கலங்கி நெடுநேரம் தெளியாவிட்டால் அந்த இடம் முட்டைக்கு உதவாது.

வேலை ஊற்றுக்கண்ணில் தொடங்க வேண்டும். கண்ணைச் சுற்றிப் பத்து மீற்றருக்கு மாடும் மண்வெட்டியும் போகாதபடி வேலி அடையுங்கள். மேட்டுப் பக்கம் மழைநீரைத் திருப்பிவிட ஒரு கான் (வடிகால்) வெட்டுங்கள். பீலிக்கு, அதாவது ஊற்றுநீர் பிடிக்கும் குழாய்க்கு, தொட்டி கட்டும்போது பலரும் மிகைநீர்க் குழாயை ஊற்றுக்கண்ணைவிட உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். தொட்டியில் நீர் ஏறிக் கண்ணையே அழுத்த, ஊற்று வேறு வழி தேடிப் போய்விடும். குழாய் கண்ணுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். 20 லீற்றர் வாளி 40 விநாடியில் நிரம்பினால் நாளொன்றுக்கு 43,200 லீற்றர் வருகிறது என்று பொருள். அதைக் கணக்கிட்டு, லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு) தேவையானதை எடுத்தபின் மிச்சத்தை ஓடைக்கே விடுங்கள்.

அடுத்தது சேறு வரும் வழி. மரக்கறிப் பாத்திகளை மேலிருந்து கீழாகப் போடாமல் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும். கான்களில் பத்துப் பதினைந்து மீற்றருக்கு ஒன்றாக, ஒரு மீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகல ஆழமும் கொண்ட மண்குழி வெட்டி, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அள்ளிப் பாத்தியிலேயே போடலாம். கோழி எருவைக் கரையில் குவிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் ஆற்றுச் சரளை வாங்கிக் கொட்டினால் ஒரே மழையில் புதைந்துவிடும்.

அதன்பிறகே ஓடையை ஒடுக்கலாம். எந்த இடத்தில் அடிச்சரளை தானாகவே சுத்தமாகத் தெரிகிறதோ அந்த இடத்தின் அகலத்தை அளவாகக் கொள்ளுங்கள். கவ்வாத்து மிலார், அதாவது தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யும்போது வெட்டி விழும் குச்சிகள், இதற்கு அருமையான பொருள். விறைப்பானது, செலவில்லாதது. 30 சென்ரிமீற்றர் பருமனில் தும்புக் கயிற்றால் கட்டி, அடிப்பக்கம் கரைக்குள்ளும் நுனி நீரோட்டம் போகும் பக்கமும் இருக்கச் சாய்த்து அடுக்குங்கள். ஒரு மீற்றர் நீளத்துக்குக் குறையாத மர முளைகளை அரை மீற்றர் இடைவெளியில், பாதிக்குமேல் மண்ணுக்குள் போகுமாறு அறையுங்கள். கட்டின் மேல்மட்டம் கோடைக்கால நீர்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்தால் போதும். அதற்குமேல் உயர்த்தினால் வெள்ளம் எதிர்க்கரையை அரிக்கும். இரு முனைகளையும் அரை மீற்றர் கரைக்குள் புதைக்காவிட்டால் நீர் பின்னால் புகுந்து முழுக்கட்டையும் பெயர்த்துவிடும். பின்புறத்தை ஓடைச் சேற்றால் நிரப்பி நாணலும் கோரையும் நடலாம். நடுவில் வேகம் கூடும், சேற்றை நீரே கழுவும். குறுக்கணை மட்டும் வேண்டாம். தேங்கும் நீர் சூடேறி வண்டலைத்தான் சேர்க்கும்.

சமன் (சால்மன்) மீனுக்கு இங்கே இடமில்லை. அது வளர்வதற்குக் குளிர்ந்த கடல் வேண்டும். ட்ரவுட்டும் வெள்ளையர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்த மீன்தான். வானவில் ட்ரவுட் இன்றும் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வாழ்கிறது. இலங்கையின் 51 நன்னீர் நண்டு இனங்களில் 50 இந்தத் தீவுக்கே உரியவை. அவற்றில் பல மலையக ஓடைக் கற்களின் அடியில் ஒதுங்கியிருப்பவை. குட்டி நண்டையும் இறாலையும் ட்ரவுட் தின்றுவிடும். அது இல்லாத ஓடையில் புதிதாக விடுவது பெரும் பிழை. ஓடையைச் சீராக்கும் வேலை நண்டுக்கும் குடிநீருக்கும் அப்படியே பயன்படும். ஏற்கெனவே ட்ரவுட் வாழும் ஓடையென்றால் அதற்கும் பயன்படும்.

பிரதேச சபைகளும் தோட்ட நிர்வாகங்களும் ஓடைத் துப்புரவுக்கு ஒப்பந்தம் கொடுக்கும்போது, அடித்தளத்தில் இயந்திரம் இறக்கக் கூடாது, நீர் குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று எழுத்தில் சேர்க்க வேண்டும். அள்ளிய மண்ணின் கனமீற்றர் கணக்குக்குப் பணம் கொடுக்கும் முறையையும் மாற்ற வேண்டும். அந்த முறை இருக்கும்வரை ஓடைகள் அகன்றுகொண்டேதான் போகும்.

ஒரு வாசகர்,
நானுஓயா.