புற்றுநோய்க் கோப்புகளில் தேதிகள் சரியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளில் குவிந்து கிடக்கும் நோயாளிகளின் கோப்புகளைத் திரட்டிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது பற்றி அடிக்கடி செய்திகள் வருகின்றன. எத்தனை லட்சம் பேருடைய விவரம் சேர்ந்தது என்பதே தலைப்பாகிறது. அந்தக் கோப்புகளில் தேதிகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. புற்றுநோய்ப் பதிவேட்டு வேலையில் இருக்கும் எங்களுக்கு அதுதான் முதல் கவலை.

இந்த முயற்சி தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. மருந்துச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் நன்றாக நடமாடக்கூடியவர்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், வயது முதிர்ந்தவர், பகலில் பாதி நேரம் படுக்கையில் கிடப்பவர் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். மருந்து கடைக்கு வந்தபின் அதைச் சாப்பிடப்போவது அவர்களும்தான். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த மார்பகப் புற்றுநோயில் அது ஏறத்தாழ 1 சதவீதம். தனியாகச் சோதனை நடத்த ஆள் சேராது. பால்போசிக்லிப் என்ற மாத்திரைக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அது பெண்களுக்கு மட்டுமே. 2019இல் ஆண்களுக்கும் நீட்டித்தார்கள். அதற்கு முக்கிய ஆதாரமாக இருந்தவை, மருத்துவர்கள் ஏற்கெனவே அந்த மாத்திரையைக் கொடுத்திருந்த ஆண்களின் மின்னணுக் கோப்புகளும், விற்பனைக்கு வந்தபின் சேர்ந்த பாதுகாப்பு அறிக்கைகளும்.

ஆனால் இதே வகைத் தரவு ஏமாற்றவும் செய்யும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று பழைய கோப்புகளைப் பார்த்து வந்த ஆய்வுகள் பல. அவற்றில் பலவற்றிலும் கோளாறு ஒரே இடத்தில் இருந்தது. நோய் கண்டறிந்தபின் எப்போதாவது இந்த மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரு பக்கம், சாப்பிடாதவர்கள் மறுபக்கம் என்று பிரித்தார்கள். இருவருக்கும் கண்டறிந்த நாளிலிருந்தே ஆயுளை எண்ணினார்கள். மூன்றாம் மாதமே இறந்தவருக்கு மாத்திரையைத் தொடங்க வாய்ப்பு குறைவு. தொடங்காமலே இறந்தால் அவர் சாப்பிடாதவர் கணக்கில் விழுந்தார். இரண்டாம் ஆண்டில் தொடங்கியவர் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்தக் காலமும் மாத்திரையின் வரவில் எழுதப்பட்டது. ஒன்றுக்கும் உதவாத மாத்திரை கூட இந்தக் கணக்கில் ஆயுளை நீட்டும். பிறகு 3,649 மார்பகப் புற்றுநோயாளிகளிடம், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம், குலுக்கல் முறையில் சிலருக்கு மெட்ஃபார்மினும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2022இல் வெளியானது. முதன்மைக் கணக்கில் பலன் இல்லை. சோதனையில் இருந்தவர்களும் பழைய ஆய்வுகளில் இருந்தவர்களும் ஒரே வகையினர் அல்லர் என்பது உண்மை; ஆனாலும் எண்ணத் தொடங்கிய நாள் தவறியதால் எவ்வளவு நம்பிக்கை வீணாக வளர்ந்தது என்பதை இது காட்டுகிறது. சிகிச்சையை முடிவுசெய்யும் நாள், தகுதி பார்க்கும் நாள், எண்ணத் தொடங்கும் நாள் மூன்றும் இருதரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது கடைசித் தேதி. ஒருவர் மருத்துவமனைக்கு வருவது நின்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நன்றாக இருக்கிறார், வேறு இடத்துக்கு மாறிவிட்டார், வீட்டிலேயே இறந்துவிட்டார். கோப்பில் மூன்றும் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும். அவர் ஆய்வு முடியும் நாள்வரை உயிரோடிருந்ததாக எடுத்துக்கொண்டால், மரணங்களைச் சரியாகப் பதியாத மருத்துவமனையே சிறந்த மருத்துவமனையாகிவிடும். கடைசியாக வந்த நாளோடு கணக்கை நிறுத்துவது கொஞ்சம் மேல். அதுவும் பாதித் தீர்வுதான். வராமல் போனவர்களில் நோய் முற்றியவர்கள் அதிகமிருந்தால் பிழை அப்படியே இருக்கும். மரணப் பதிவேட்டோடு இணைப்பதும் வீட்டுக்குப் போன் செய்து கேட்பதும்தான் வழி. அந்தப் போனைச் செய்ய ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல், புது மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குவதில் பயனில்லை.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எண்ணால் குறிக்கும் நோய்நிலையிலும் இதே சிக்கல். இரண்டாம் நிலையில் வந்தவருக்கு மூன்று ஆண்டு கழித்து நோய் எலும்புக்குப் பரவினால், பழைய கட்டத்தில் 2ஐ அழித்து 4 என்று மாற்றிவிடுகிறார்கள். கண்டறிந்தபோதிருந்த நிலை மாறக்கூடாது; பரவியதைத் தனிக் கட்டத்தில், தனித் தேதியோடு எழுத வேண்டும். பில்லுக்குப் போடும் நோய்க் குறியீட்டை நம்பவும் முடியாது. சி50 என்றால் மார்பகம் என்று மட்டும் தெரியும். நிலையும் தெரியாது, ஹெர்2 (சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கும் ஒரு புரதம்) மிகுந்திருந்ததா என்பதும் தெரியாது. அதெல்லாம் பயாப்ஸி, அறுவை, ஸ்கேன் அறிக்கைகளின் வரிகளுக்குள் இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து படித்து எடுக்க வேண்டும். கணினி எடுத்தாலும் ஒரு பகுதியை மனிதர் மறுபடி படித்துச் சரிபார்க்க வேண்டும்.

நோய் முற்றிய தேதி என்பதும் உண்மையில் ஸ்கேன் எடுத்த தேதிதான். சோதனைகளில் குறித்த இடைவெளியில் எடுப்பார்கள். சாதாரண சிகிச்சையில் வலி வந்தால், செலவுக்குப் பணம் கிடைத்தால் எடுப்பார்கள். தாமதமாக ஸ்கேன் எடுத்தவருக்கு மருந்து நீண்டநாள் வேலை செய்ததுபோலத் தோன்றும். ஆகவே ஸ்கேன் இடைவெளியையும் சேர்த்தே வெளியிட வேண்டும். மருந்தை நிறுத்தினால் காரணத்தையும் எழுத வேண்டும்: பக்கவிளைவா, நோய் முற்றியதா, பணமில்லையா. பணமில்லாமல் நிறுத்தியது மருந்தின் தோல்வியாகப் பதிவாவது பெரிய அநியாயம்.

அந்தரங்கம் பற்றிய அச்சம் நியாயமானது. பெயரை நீக்கினால் மட்டும் போதாது; அரிய புற்றுநோய், பிறந்த தேதி, ஊர் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே எண்ணிக்கை நாட்கள் முன்பின் நகர்த்துவது நல்ல முறை. இடைவெளிகள் குலையாது. ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக நகர்த்தினால் பயாப்ஸிக்கு முன்பே கீமோ தொடங்கியதாகிவிடும். யாருக்கு எத்தனை நாள் நகர்த்தப்பட்டது என்ற பட்டியல் மருத்துவமனையை விட்டு வெளியே போகக்கூடாது.

இத்தகைய ஆய்வுகளைப் பற்றி இனி எழுதும்போது, கோப்புகளின் எண்ணிக்கையோடு, ஆயுளை எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எத்தனை பேருடைய கதி தெரியாமல் போனது என்பதையும் ஆய்வாளர்களிடம் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பதிவேட்டுப் பணியாளர்கள்