டர்போ காருக்கு இசியூ வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் பந்தயத்துக்காகப் பழைய காரில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஏற்றும் இளைஞர்களும், கல்லூரி ரேஸ் அணி மாணவர்களும் முதலில் கேட்பது "எந்த இசியூ நல்லது?" என்றுதான். இசியூ என்பது பெட்ரோலையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் எஞ்சின் கணினி. எஞ்சினில் என்ன சென்சார், என்ன காயில் (தீப்பொறிக்கான மின்சுருள்), என்ன இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிப்பான்) இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதிக் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

கிராங்க் சக்கரத்தில் இருந்து தொடங்குங்கள். 36-1 பல்லா, 60-2 பல்லா (36-இல் ஒன்றோ 60-இல் இரண்டோ பல் இல்லாதது)? அந்தப் பற்களைப் பார்க்கும் சென்சார் ஹாலா (மின்சாரம் கொடுத்தால் வேலை செய்வது), விஆரா (காந்தமும் சுருளும் கொண்டு தானே சிக்னல் தருவது)? விஆர் சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) நழுவும். குற்றம் வயரில் இருக்க, மேப்பில் (இசியூவின் பெட்ரோல், டைமிங் அட்டவணையில்) நாள்கணக்காகத் தேடுவார்கள். ஷீல்டு வயரே போட வேண்டும், ஷீல்டை இசியூ பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். ஸ்பீடுயினோ போன்ற மலிவான போர்டுக்கு விஆர் சிக்னலைச் சீராக்கும் துணைச் சர்க்யூட் தனியாக வேண்டும். விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இக்னைட்டர் (காயிலை இயக்கும் மின்சுவிட்ச்) உள்ளடங்கிய காயில் 5 வோல்ட் சிக்னலில் வேலை செய்யும். இக்னைட்டர் இல்லாத இரண்டு பின் காயிலை அதே அவுட்புட்டில் நேரே கொடுத்தால் இசியூவின் டிரைவர் கருகும். இன்ஜெக்டரை மல்டிமீட்டரில் பாருங்கள்: 12 முதல் 16 ஓம் என்றால் கவலையில்லை, 2, 3 ஓம் காட்டினால் பீக்-ஹோல்டு டிரைவரோ (முதலில் அதிக மின்னோட்டம் தந்து பின் குறைப்பது) வரிசை ரெசிஸ்டரோ தேவை. 150 குதிரைத்திறனுக்கு 4 இன்ஜெக்டர், 80% திறப்பு என்று கணக்கிட்டால் ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 சிசி வரும். இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு 8% போலக் கூடும். 350-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

பிஸ்டன் உருகுவது பெரும்பாலும் மேப் சென்சாரில் ஆரம்பிக்கிறது. மேனிஃபோல்டில், அதாவது காற்று எஞ்சினுக்குள் நுழையும் குழாயில், அழுத்தத்தை அளப்பது அது; மேலே சொன்ன மேப் அட்டவணை வேறு. டர்போ இல்லாத காரின் சென்சார் 1 பாருக்குச் சற்று மேலே போனதும் நின்றுவிடும். 0.7 பார் பூஸ்ட் (வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ தருவது) என்றால் மேனிஃபோல்டில் 1.7 பார். சென்சார் நின்ற இடத்துக்கான பெட்ரோலை மட்டுமே இசியூ ஊற்றும், மீதி வெறும் காற்று. 3 பார் சென்சாருக்கு மாறுங்கள். அதற்கு அழுத்தம் கொண்டுவரும் குழாய் குட்டையாக, வேறெதோடும் பங்கு போடாமல் வரட்டும்.

நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கத்திரியில் 42 டிகிரிக் காற்றை 0.7 பாருக்கு அழுத்தினால், 70% திறனுள்ள கம்ப்ரஸரிலும் 115 டிகிரி அளவில் வெளியே வரும். ஆகவே காற்றின் சூட்டுக்கு ஏற்ப இக்னிஷனைக் குறைக்கும் (தீப்பொறியைத் தாமதமாக்கும்) தனி அட்டவணையும் நாக் சென்சார் (கலவை தானே வெடித்துத் தட்டுவதை உணர்வது) உள்ளீடும் இல்லாத இசியூ, எத்தனை மலிவானாலும் இங்கே வேண்டாம். காற்று வெப்ப சென்சாரை இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) பிந்தைய குழாயில் வையுங்கள். மேனிஃபோல்டில் திருகினால் அது உலோகத்தின் சூட்டைச் சொல்லும். பூஸ்டில் ஒரு பிஎஸ்ஐக்கு (சுமார் 0.07 பார்) ஒரு டிகிரி இக்னிஷனைக் குறைத்துத் தொடங்குவது பத்திரம்.

இ20-க்குக் காற்று-பெட்ரோல் சமநிலை விகிதம் (முழுதாக எரியத் தேவையான எடை விகிதம்) 13.5 அளவில்தான். ஆனால் பெட்ரோலுக்கு அமைத்த வைட்பேண்ட் (புகையின் ஆக்சிஜனைக் கொண்டு கலவையை அளக்கும்) மீட்டர் அப்போதும் 14.7 என்றே காட்டும். எனவே லாம்டாவில் (இருக்கும் விகிதத்தைச் சமநிலை விகிதத்தால் வகுத்தது) பேசிப் பழகுங்கள்: பூஸ்டில் 0.80 சுற்றி. வைட்பேண்ட் சென்சாரை டர்போவுக்குப் பின்னால், கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் குறையாமல் சாய்த்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் சைலன்சரில் கோக்கும் நீர் அதைக் கொன்றுவிடும்.

புதிய காரில் கதையே வேறு. தொழிற்சாலை இசியூவைக் கழற்றினால் மீட்டர், பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ் எல்லாம் கேன் லைனில் (காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் வயர்) செய்தி வராமல் முரண்டு பிடிக்கலாம். அங்கே ரீமேப்தான் (அசல் இசியூவின் அட்டவணையையே மாற்றி எழுதுவது) சரி. பிக்கிபேக் பெட்டி (அசல் இசியூவோடு சேர்ந்து சிக்னலைத் திருத்துவது) சிறு பூஸ்டுக்கு ஓடும். அசல் இசியூ தன் திருத்தத்தால் அதன் வேலையை மெல்ல அழித்துக்கொண்டே வரும்.

பிராண்டு என்று கேட்டால், பக்கத்தில் ட்யூன் செய்யத் தெரிந்தவர் எதைக் கையாள்கிறாரோ அதுதான். தானே படித்துச் செய்பவருக்கு மெகாஸ்குவர்ட் இசியூ போதும். ஹால்டெக், லிங்க் வாங்கிவிட்டு லேப்டாப்பைத் திறக்க ஆளில்லாமல் நிற்பதில் பயனில்லை.

சாலையில் ஓடும் பதிவான வண்டியில் இதைச் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. பூஸ்ட் சோதனைக்குப் பெங்களூரு நெடுஞ்சாலை இடமல்ல. அதே சாலையில் சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களம் இருக்கிறது. நம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் சேசிஸ் டைனோ (காரை உருளைகளில் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) வைத்திருப்போர், கட்டணம் வாங்கிக்கொண்டாவது சனிக்கிழமைகளில் வெளி மெக்கானிக்குகளுக்கு அதைத் திறந்துவிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்