வாகனக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்க எங்கள் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர், மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு, பணத்தைக் கட்டிவிட்டுப் புறப்படுகிறார்கள். விபத்து நடந்த பிறகுதான், முழுப் பணமும் ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடை பாலிசித் தாளிலேயே இருப்பதால், அதிலுள்ள சில சொற்களை இங்கே விளக்குகிறோம்.

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் அது பொறுப்பேற்கும். உங்கள் சொந்த வாகனத்தைப் பழுதுபார்க்க அதிலிருந்து ஒரு சென்னும் கிடைக்காது. அதற்கு கம்ப்ரிஹென்சிவ் எனப்படும் விரிவான காப்புறுதி வேண்டும்.

விரிவான காப்புறுதி எடுத்தவர்களும் இடறும் இடம் காப்புறுதித் தொகை, அதாவது வாகனத்துக்கு எவ்வளவு மதிப்பு போட்டுக் காப்புறுதி செய்கிறோம் என்பது. பிரீமியம் குறையும் என்பதற்காக அதைக் குறைத்துப் போடச் சொல்பவர்கள் உண்டு. சந்தை விலை 40,000 ரிங்கிட் உள்ள காரை 30,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்தால், கார் திருடு போகும்போது மட்டும்தான் நட்டம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் காப்புறுதித் தொகை சந்தை விலையில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், சிறு பழுதுக்கும் அதே விகிதத்தில்தான், இங்கே முக்கால் பங்குதான், பணம் வரும். 8,000 ரிங்கிட் பழுதுக்கு நிறுவனம் 6,000 கொடுக்கும். மீதி 2,000 உங்கள் கையிலிருந்து போகும். கூட்டிப் போடுவதாலும் பயனில்லை, சந்தை விலைக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். பிரீமியம் கூடினால் எங்கள் கமிஷனும் கூடும் என்பது உண்மைதான். அதனால்தான் வாய்ச்சொல்லாக இல்லாமல் கணக்காகவே எழுதிக் காட்டுகிறோம்.

பெட்டர்மெண்ட் என்பது பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதிய பாகம் பொருத்தும்போது உரிமையாளர் ஏற்க வேண்டிய பங்கு. ஐந்து ஆண்டுகள் நிறைவடையாத காருக்கு இது இல்லை. அதன் பின் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து ஆண்டுகளைத் தாண்டிய காருக்கு 40 விழுக்காடு வரை போகலாம். நம் ஊரில் ஓடும் கார்களில் பல இந்தப் பழைய வகைதான் என்பதால், 2,000 ரிங்கிட் பாகத்துக்கு 800 ரிங்கிட் வரை கட்டும்படி பட்டறையில் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். பட்டறைக் கூலிக்கு இந்தப் பிடித்தம் கிடையாது.

என்சிடி என்பது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி. தனியார் காருக்கு அது 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என ஆண்டுக்கு ஒரு படி ஏறும்; மோட்டார் சைக்கிளுக்கு 25 விழுக்காட்டோடு நின்றுவிடும். உங்கள் தவறால் நேர்ந்த சேதத்துக்கு ஒரு முறை இழப்பீடு கோரினாலும் தள்ளுபடி முழுவதும் போய்விடும். அடிப்படைப் பிரீமியம் 1,000 ரிங்கிட் என்றும் அது மாறாது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 55 விழுக்காட்டில் 450 ரிங்கிட் கட்டி வந்தவர் அடுத்த ஆண்டு 1,000 கட்டுவார். பிறகு 750, 700, 616.70, 550 என்று இறங்கி, ஆறாம் ஆண்டில்தான் பழைய 450-க்குத் திரும்புவார். இடைப்பட்ட ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டியது 1,366.70 ரிங்கிட். ஆகவே, 900 ரிங்கிட் செலவாகும் ஒரு நசுங்கலுக்கு இழப்பீடு கோரும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தவறு எதிர்த்தரப்பினுடையது என்றால் நிலைமை வேறு; முறையாகக் கோரினால் உங்கள் தள்ளுபடி போகாது.

எக்சஸ் என்பது ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதலில் நீங்கள் ஏற்கும் தொகை. பாலிசியில் பெயர் இல்லாதவரோ, 21 வயது நிரம்பாதவரோ, 'பி' எனப்படும் புதிய ஓட்டுநருக்கான தற்காலிக உரிமம் வைத்திருப்பவரோ ஓட்டியபோது விபத்து நடந்தால், பொதுவாக 400 ரிங்கிட் பிடிப்பார்கள். மகனோ மருமகளோ வண்டி எடுப்பதுண்டு என்றால் அவர்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தோட்டச் சாலைகளில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றோ மழையோ இல்லாத நேரத்தில் ரப்பர் மரக்கிளை தானாக முறிந்து காரின் மேல் விழுந்தால், விரிவான காப்புறுதியே அதை ஏற்கும். அதே கிளை புயற்காற்றில் விழுந்தாலோ, கார் வெள்ளத்தில் மூழ்கினாலோ, மண்சரிவில் சிக்கினாலோ, ஸ்பெஷல் பெரில்ஸ் என்ற கூடுதல் காப்பு இல்லாமல் பணம் கிடைக்காது. முன்கண்ணாடிக்கும் தனிக் காப்பு எடுக்கவேண்டும். அதில் இழப்பீடு பெற்றால் என்சிடி பாதிக்கப்படாது.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிடுங்கள். புதுப்பிக்க வரும்போது வாகனப் பதிவு அட்டையோடு பழைய பாலிசியையும் கொண்டு வந்தால், மேலே சொன்னவை உங்கள் தாளில் எப்படி இருக்கின்றன என்று பணம் கட்டும் முன்பே காட்டித் தருவோம். அதற்குத் தனிக் கட்டணம் ஏதும் இல்லை.

இங்ஙனம்,
கடை நிர்வாகம்,
சுங்கை சிப்புட்