மதகைத் திறக்கும் முன் ஏழு நாள் அவகாசம் கொடுங்கள்

ஏரி நீர்மட்டத்தை நிர்வகிக்கும் குழுவினருக்கு ஏரிக்கரைக் குடும்பங்களின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம்.

இந்தக் கோடையில் முன்னறிவிப்பு எதுவுமின்றி மதகுகள் திறக்கப்பட்டதும், இரண்டே இரவில் ஏரி 60 சென்டிமீட்டர் இறங்கியதும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும். அதைப் பற்றி நாங்கள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: நீர்மட்டம் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருந்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரம்புக்குள்ளேயே ஒரு மாதம் எடுத்து மெல்ல இறங்கும் ஏரியும் உண்டு, இரண்டு இரவில் இறங்கிவிடும் ஏரியும் உண்டு. பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். கரையில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல.

நாங்கள் கேட்பது இதைத்தான். மதகைத் திறப்பதற்கு ஏழு நாள் முன்பாக மூன்று எண்களை அறிவியுங்கள்: எந்தத் தேதியில் திறக்கிறீர்கள், மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் இறக்குகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை சென்டிமீட்டர்.

அந்த இரண்டு இரவில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வீட்டின் தண்ணீர் பம்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையில் பெரும்பாலான வீடுகளுக்கு ஏரியிலிருந்து ஜெட் பம்ப்தான் தண்ணீர் இழுக்கிறது. உறிஞ்சு குழாயின் நுனியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வை ஏரியடி மண்ணிலிருந்து ஒரு முப்பது சென்டிமீட்டராவது மேலே தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் சேறும் மணலும் இழுக்கும். அதே நேரத்தில், அதற்கு மேலே குறைந்தது இன்னொரு முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வால்வு முழுதாக வெளியே தெரியும் முன்பே நீர்ப்பரப்பில் சுழி விழுந்து பம்ப் காற்று வாங்கத் தொடங்கிவிடும்.

காற்று வாங்கிய பம்ப் தானாக நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது நிற்பதில்லை. வழக்கமான பிரஷர் ஸ்விட்ச், குழாயின் அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அளவு) இறங்கியதும் மோட்டாரை ஓட்டும், 50 தொட்டதும் நிறுத்தும். உறிஞ்சத் தண்ணீர் இல்லாதபோது அழுத்தம் 50-ஐத் தொடவே தொடாது. ஆகவே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பம்ப்பின் உள்ளே தங்கிய கொஞ்சத் தண்ணீர் சூடேறிக் கொதித்து ஆவியாகும். சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் மெக்கானிக்கல் சீல் குளிர்வது அந்தத் தண்ணீரால்தான், அது போனதும் சீல் விரிசல் விட்டுவிடும். தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர் உருகி வளைந்துவிடும். இத்தனையும் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது நடந்து முடிந்துவிடுகிறது. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பம்ப் அறையில் கருகிய ரப்பர் வாடை அடிக்கிறது.

குறைந்த அழுத்தத்தில் தானாக நிற்கும் ஸ்விட்சைப் பொருத்தியவர்களின் பம்ப் பிழைத்தது, உண்மை. ஆனால் அவர்களுக்கும் தண்ணீர் இல்லை. காரணம், கரையின் சரிவு. இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று சரியும் கரையில், 60 சென்டிமீட்டர் இறக்கம் என்பது நீர்விளிம்பு 12 மீட்டர் பின்வாங்குவது. அந்த 12 மீட்டருக்கும் குழாயை நீட்ட வேண்டும். உறிஞ்சு குழாய் ஏரியிலிருந்து பம்ப் வரை எங்கும் தாழாமல் ஏறிக்கொண்டே வர வேண்டும். வெளியே வந்த பாறைகள் மேல் அவசரமாக இழுத்துப் போட்டால் நடுவில் முதுகு விழும், அந்த முதுகில் காற்று தங்கும். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு இணைப்பும் காற்று புகக்கூடிய இன்னொரு வாசல். பிறகு பம்ப்பின் மேல் மூடியைக் கழற்றி வாளி வாளியாக ஊற்றி நிரப்ப வேண்டும். 30 மீட்டர் நீள ஒரு அங்குலக் குழாய் மட்டுமே 15 லிட்டர் குடிக்கும். ஃபுட் வால்வின் இருக்கையில் ஒரு மணல் துகள் சிக்கியிருந்தால், ஊற்ற ஊற்ற ஏரிக்கே திரும்பிப் போகும். முதியவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இந்த வேலைக்கு ஒரு முழுப் பகல் போகிறது. ஏழு நாள் முன்பே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்: ஆழத்துக்கு வால்வை நகர்த்தி, கல் கட்டி இறக்கிவிட்டால் போதும்.

படகுத்துறைகளுக்கும் இதே கதிதான். மிதக்கும் துறை மெல்ல இறங்கும் தண்ணீரோடு தானும் இறங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை சங்கிலியைத் திருத்தினால் சரியாகிவிடும். ஒரே இரவில் இறங்கினால் ஒரு மூலை பாறையில் உட்காரும், மறுமூலை மிதக்கும், முழுப் பாரமும் இணைப்புத் தகட்டின் கீல்களில் விழும். இந்தமுறை வளைந்த கீல்கள் எல்லாம் இப்படி வளைந்தவைதான். தாத்தாக்கள் காலத்தில் மரக்கட்டைகளை அடுக்கிக் கல் நிரப்பிக் கட்டிய பழைய துறைகள் நிலை இன்னும் வருத்தம் தருவது. எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும் மரம் பல தலைமுறை உளுக்காமல் நிற்கும், மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கே காற்று கிடைக்காது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து வரும் மரம்தான் உளுத்துப்போகும். நீர்மட்டத்தை இப்படி ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டைகளின் ஆயுள் குறைகிறது.

படகோட்டுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஏரியின் பாறைகளை இங்கே வரைபடம் பார்த்துக் கற்றவர்கள் குறைவு. எந்தப் பாறை எந்த மட்டத்தில் எத்தனை முழம் தண்ணீருக்கடியில் இருக்கும் என்று பாட்டி மகளுக்கும் மகள் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்தது. படகுக் கொட்டகைத் தூண்களில் ஆண்டுக்கொன்றாக அடித்த செப்பு ஆணிகள் பச்சை பூத்து வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அந்தக் கோடையின் உச்ச நீர்மட்டம். செம்பு என்பதால் துருப்பிடித்து விழவில்லை. தலைமுறைகளாகச் சேர்ந்த அந்த அறிவு, நேற்றைய மட்டம் இன்றும் ஏறக்குறைய அதே என்ற நம்பிக்கையில்தான் பயன்படுகிறது. இரவோடு இரவாக அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால், காலையில் முதல் படகை எடுக்கும் பிள்ளையின் ப்ரொபெல்லர் பாறையில்தான் போய் மோதும்.

ஏரியின் நீர்ப்பறவைகளான முக்குளிப்பான்கள் நீரோரச் செடிகளில் மிதக்கும் கூடு கட்டி மூன்று நான்கு வாரம் அடைகாக்கின்றன. தண்ணீர் திடீரென வற்றினால் கூடு தரை தட்டும், நரி நடந்தே வந்து முட்டையைத் தின்றுவிடும். அவற்றுக்கு அறிவிப்பு எந்த வகையிலும் உதவாது. மெல்ல இறக்குவது ஒன்றுதான் உதவும்.

கீழ்ப்பகுதி ஊர்களை வெள்ளத்திலிருந்து காப்பது உங்கள் முதல் கடமை என்பதை அறிவோம். பெருமழை நேரத்தில் மதகைத் திறக்காதீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் அந்த வாரம் மழை இல்லை. திட்டமிட்ட பணிக்காகவே திறந்தீர்கள். திட்டமிட்டது என்றால் தேதி முன்பே தெரிந்திருக்கும். தெரிந்த தேதியைச் சொல்ல என்ன தடை?

கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவை குளிர்காலத்தில், வேலைநாளின் பகலில், கரை வீடுகள் அனைத்தும் குழாய் வடித்துப் பூட்டிக் கிடக்கும்போது நடக்கின்றன. வந்தவர்கள் குறைவு என்று குறிப்பெழுதுகிறீர்கள். கோடையில் ஒரு சனிக்கிழமை கூட்டம் வைத்தால் உட்கார இடம் போதாது. எங்களைப் பருவத்துக்கு வந்துபோகும் விருந்தாளிகளாகப் பார்க்கும் இந்தப் போக்கு எங்களைப் புண்படுத்துகிறது. நான்காம் தலைமுறைக் குழந்தைகள் நீச்சல் பழகும் கரை இது.

மன்னிக்கவும், கோரிக்கைக்குத் திரும்புகிறோம். ஏழு நாள் முன்னறிவிப்பு. அதில் தேதி, மொத்த இறக்கம், நாளொன்றுக்கான இறக்கம். கோடை மாதங்களில் அந்த நாள் இறக்கம் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்கட்டும். வெள்ள அவசரம் என்றால் ஏழு நாள் வேண்டாம், கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். நள்ளிரவானாலும் எழுந்து பம்ப் ஸ்விட்சை அணைத்துவிடுவோம். எங்கள் எண்களின் பட்டியலை வீடுவாரியாகத் தொகுத்து நாங்களே தருகிறோம். அணையருகே உள்ள அளவுகோலின் தினசரி அளவை வெளியிட ஆள் இல்லை என்றால், தினமும் காலை ஏழு மணிக்கு அதைப் படித்து அனுப்பவும் எங்களில் பலர் ஆயத்தம்.

அடுத்த மதகுத் திறப்பு இலையுதிர்காலத் தொடக்கத்தில் என்று கேள்விப்படுகிறோம். அதன் மூன்று எண்களையும் இப்போதே அறிவித்து இந்த வழக்கத்தைத் தொடங்கி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைக் குடும்பங்கள்